பல் டாக்டரின் படிக்கட்டுப் போர்

போர்க்காரணர் என்று ஓர் இனம் இருக்கிறது. பெயர் நான் வைத்ததுதான். வேறு யாரும் இன்னும் வைக்கவில்லை என்பதால் முந்திக்கொண்டேன். இந்த இனத்தைச் சேர்ந்தவர் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார். பேருந்தில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்குகிற சாது. ஆனால் உலகத்தில் எந்தப் பொருளைக் காட்டினாலும், அது ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் அரசன், பக்கத்து அரசன்மேல் படையெடுத்துப் போனதால் வந்து சேர்ந்தது என்று சொல்லி முடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தெரு குறுகலாக இருக்கிறதா? முன்னொரு காலத்தில் சுற்றிலும் மதில் இருந்திருக்கும், உள்ளே இடம் போதாமல் வீடுகள் நெருக்கிக்கொண்டிருக்கும். வரி கட்டுகிறீர்களா? படைக்குத் தீனி. கைகுலுக்குகிறீர்களா? உள்ளங்கையில் கத்தி இல்லை என்று காட்டுகிறீர்கள். உங்கள் சட்டையில் பொத்தான் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.

இவரை அடையாளம் காண்பது மிகவும் சுலபம். நீங்கள் சாதாரணமாக ஒரு கரண்டியையோ கதவையோ கையாண்டுகொண்டிருக்கும்போது, கண்கள் பளபளக்க, "இது எங்கேருந்து வந்தது தெரியுமா?" என்று ஒருவர் கேட்பார். கடையிலிருந்து வந்தது என்று சொல்லிப் பாருங்கள், பிரயோசனம் இல்லை. குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப ரகசியத்தைச் சொல்வதுபோல, "இதுக்குப் பின்னாடி ஒரு போர் இருக்கு" என்பார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள்.

அவர் சொல்வதெல்லாம் கப்சா என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இருந்தால்தான் பிரச்சினையே இல்லையே, சிரித்துவிட்டுப் போய்விடலாமே! தொல்லை என்னவென்றால், பாதி உண்மை. பழைய உலகத்தில் போர் வெறும் அடிதடியாக நிற்கவில்லை. யாருக்கு நிலம், யாருக்குக் குதிரை, யார் உழுவது, யார் உட்கார்ந்து சாப்பிடுவது, யார் வீட்டுப் பெண்ணை எந்த நாட்டில் கட்டிக்கொடுப்பது என்று எல்லாவற்றிலும் அது மூக்கை நுழைத்தது. இதையெல்லாம் நம் போர்க்காரணர் புரட்டிப் புரட்டிப் படித்திருக்கிறார். படித்தவர் புத்தகத்தை மூடி வைக்க மறந்துவிட்டார்.

இந்த இனத்தில் பெரும்பாலோருக்கு இருக்கும் ஒரே மனக்குறை, கேட்க ஆள் கிடைப்பதில்லை என்பது. கேட்பவருக்குக் கால்கள் இருக்கின்றன, எழுந்து போய்விடுகிறார். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறவர் அந்தக் குறையைத் தொழிலாலேயே தீர்த்துக்கொண்டவர். அவர் பல் டாக்டர். நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கன்னத்தில் பஞ்சு, மறு கன்னத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய், நடுவில் சின்னக் கண்ணாடி என்று அடைத்துவிட்டால், படுத்திருப்பவர் ஊரையே வாயால் அடிக்கும் வக்கீலாக இருந்தாலும் 'ஆ' என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. அந்த 'ஆ'வை டாக்டர் எப்போதும் வியப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

"ஒரு குதிரைக்கும் அதுமேல ஏறுறவனுக்கும் வருஷம் பூரா தீனி போடணும்னா சும்மாவா? அரசன்கிட்ட ஏது அவ்வளவு? நிலத்தைக் குடுத்தான். நிலம் வாங்கினவன் பெரிய மனுஷன் ஆனான். அந்த நிலத்துல உழுதவன் அவனுக்குக் கட்டுப்பட்டவன் ஆனான். பாருங்க, ஒரு குதிரை எவ்வளவு பேரை மேலயும் கீழயும் ஆக்கிடுச்சு! இன்னும் கொஞ்சம் பெருசா தொறங்க."

"ஆ."

"அதேதான்! நானும் முதல்ல படிச்சப்ப அப்படித்தான் ஆச்சரியப்பட்டேன்."

கடைவாய்ப்பல் வலி என்று வருகிறவர் பல்லை அடைத்துக்கொண்டு, காதைத் திறந்துகொண்டு, முற்றுகைக் கலையில் பாதிப் பட்டம் வாங்கித்தான் வெளியே போவார். ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. கை சுத்தம், ஊசி வலிக்காது, தெருவிலேயே வேறு பல் டாக்டர் கிடையாது.

இப்போது வீட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போர்க்களம் அதுதான். கீழ்த்தளத்தில் முன்பக்கம் க்ளினிக், பின்பக்கம் டாக்டர் குடும்பம்: மருந்துக்கடை வைத்திருக்கும் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள். மாடியில் டாக்டரின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறார். பெற்றோர் விட்டுப்போன வீட்டில் ஆளுக்கொரு தளம். க்ளினிக் வாசலை ஒட்டி மாடிப்படி ஆரம்பித்து, வலப்பக்கமாக வளைந்து மேலே போகும். மேலே நிற்பவன் வலது கையால் வாளை வீசவும், ஏறி வருகிற எதிரிக்குச் சுவர் இடிக்கவும்தான் அந்தக் காலத்துக் கோட்டைகளில் படிக்கட்டை இப்படி வளைத்தார்கள் என்பது டாக்டர் எல்லா நோயாளிகளுக்கும் சொல்லும் விஷயம். ஆராய்ச்சியாளர்கள் பலர் இந்தக் கதையை நம்புவதில்லை என்று மகள் ஒருமுறை சொன்னாள். டாக்டர் அதை எதிர்த்தரப்புப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட்டார்.

தினமும் க்ளினிக் மூடும் நேரத்தில் அக்கா கீழே இறங்கி வருவார். நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலால் பெடலை அழுத்தித் தனக்குத் தேவையான உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு, "உன் க்ளினிக்ல உருப்படியான சாமான் இது ஒண்ணுதான்டா" என்பார். தம்பி காபி கொண்டுவந்து கொடுப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற உரிமை உலகத்திலேயே அக்கா ஒருவருக்குத்தான் இருந்தது. தம்பிக்கும் அந்த நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மட்டும் அவர் எந்த அரசனையும் இழுக்கமாட்டார்.

இப்படி இருந்த குடும்பத்தில் போர் எப்படி மூண்டது? பெரிய போர்களெல்லாம் சின்ன விஷயத்தில்தான் ஆரம்பிக்கும் என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். ஆகவே அது செருப்பில் ஆரம்பித்தது.

"டேய் தம்பி, உன் பேஷண்டுங்க செருப்பெல்லாம் மாடிப்படியிலயே கெடக்கு. ஒரு அலமாரி வாங்கி ஓரமாப் போடேன். என்னைக்காவது தடுக்கி விழுந்து வைக்கப் போறேன்."

சாதாரண மனிதன் என்ன சொல்வான்? 'சரிக்கா' என்பான். மறந்துபோவான். மறுபடி திட்டு வாங்குவான். பிறகு வாங்கிப் போடுவான். நம் டாக்டருக்கோ கண்கள் பளபளத்தன.

"அக்கா, வாசல்ல செருப்பை விட்டுட்டு உள்ள போறது எங்கேருந்து வந்தது தெரியுமா?"

கோட்டைக் கதவு, காவலாளி, வருகிறவன் தன் வாளைக் கழற்றி வாசலில் ஒப்படைப்பது, அங்கிருந்து மெல்ல மெல்ல வாள் செருப்பாக மாறியது என்று ஒரு கொள்கையை நின்ற இடத்திலேயே தயாரித்து விரித்தார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்போதுதான் சுடச்சுட இறங்கியது. அகழி வரைக்கும் அக்கா பொறுத்துப் பார்த்தார். "உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேலே ஏறிப் போனார். கோபத்திலும் அக்காவுக்கு என்ன ஒரு கம்பீர நடை என்று தம்பி வியந்துகொண்டு நின்றார்.

அன்று மாலை அக்கா கீழே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. உறவு முறிந்துவிட்டது என்று டாக்டர் மனைவியிடம் அறிவித்தார்.

அடுத்து வந்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் சுவிட்ச் கீழே. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழ் வீட்டுக்கு வரும் குழாயின் வால்வு மேலே. பழைய குழாய், திறந்தே வைத்தால் ஒழுகும். அதனால் ராத்திரி மூடிக் காலையில் திறப்பது காலங்காலமாக அக்காவின் வேலை. ஒரு நாள் காலையில் டாக்டர் வாய் நிறைய நுரையோடு குழாயைத் திருகினார். காற்று வந்தது. இன்னும் திருகினார். ஒரு சின்ன முனகல் வந்தது. வேறு யாராக இருந்தாலும் எரிச்சல்பட்டிருப்பார்கள். டாக்டரோ நுரையோடு சிரித்தார். முற்றுகை! இத்தனை வருஷம் எழுத்தில் மட்டுமே படித்த முற்றுகை, தண்ணீர் வழியை அடைப்பது, இதோ தன் வீட்டுக் குளியலறையிலேயே நடக்கிறது! கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட தளபதிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மிகவும் பெருமையாக இருந்திருக்கும்.

"மேல போய் உங்க அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றார் மனைவி.

"முதல்ல தூது அனுப்புறவன் எளைச்சவன்னு ஆயிடும்."

"வாயைக் கொப்புளிக்கத் தண்ணி இல்ல, இதுல யாரு எளைச்சவன்னு வேற பாக்கணுமா?"

மகள் பேசிக்கொண்டிருக்காமல் மாடிக்கு ஓடினாள். வால்வைத் திறந்துவிட்டு வந்து, "அத்தைக்கு முழங்கால் வீங்கியிருக்குப்பா. மொட்டை மாடி ஏற முடியலயாம். இனிமே நானே தெறந்து மூடிக்கறேன்" என்றாள்.

டாக்டர் இரக்கத்தோடு மகளின் தலையைத் தடவினார். "அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்கம்மா. பலவீனமா இருக்கற மாதிரி காட்டிக்கறது ரொம்பப் பழைய உத்தி."

வாசகர்களே, ஓர் ஒற்றர் நேரில் போய்ப் பார்த்து, துல்லியமான தகவலைத் தலைமையிடம் சேர்த்த பிறகும், தலைமை அதைத் தலையைத் தடவி அனுப்பிவிட்டால் அந்தப் படை என்ன ஆகும்? இதற்கு டாக்டரிடமே நிறைய உதாரணங்கள் இருந்தன. நோயாளிகளுக்குச் சொல்லியும் இருக்கிறார்.

அன்றிலிருந்து அந்த வீடு ஒரு சிறிய ராஜ்ஜியம் ஆயிற்று. போர் வந்தால் சமுதாயம் மாறும் என்றாரே, மாறியது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி என்று டாக்டர் உத்தரவு போட்டார். அதை அவர் ஒருவர் மட்டும் கடைப்பிடித்தார். மளிகைச் சாமான் இரட்டிப்பாக வாங்கி அடுக்கப்பட்டது. க்ளினிக் வாசலில் டோக்கன் கொடுக்கும் பெண், அதுவரை பாவம் வாயில்லாப் பூச்சி, திடீரென்று கோட்டை வாசல் காவலர் ஆனாள். மேலே போகிறவர்களை விசாரிக்கச் சொல்லி டாக்டர் அவளுக்கு அதிகாரம் கொடுத்தார். அதிகாரம் கையில் வந்ததும் அவள் குரலே மாறிப்போனது. "மேலயா கீழயா?" என்று பேப்பர் போடுகிறவரைக் கேட்டாள், கேபிள்காரரைக் கேட்டாள், ஒரு நாள் காலையில் நடைப்பயிற்சி முடித்து வந்த டாக்டரையே மறித்துக் கேட்டாள். டாக்டர் கோபிக்கவில்லை. வாளைக் கையில் கொடுத்தால் காவலர்களே ஒரு சாதியாகிவிடுவார்கள் என்று படித்தது சரியாகத்தானே இருக்கிறது என்று மகிழ்ந்துபோய், "கீழ" என்று பணிவாகப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இன்னொரு நன்மையும் விளைந்தது. பொது எதிரி இருந்தால் ஒற்றுமை வளரும் என்பது டாக்டரின் அசைக்க முடியாத கொள்கை. மனைவியும் மகளும் சமையலறையில் முன்னெப்போதும் இல்லாத நெருக்கத்தோடு குசுகுசுவென்று பேசி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது அவர் காதில் விழுந்தது. அகமகிழ்ந்து போனார். அந்தப் பொது எதிரி யார் என்பதில் மட்டும்தான் அவர் கணக்குக் கொஞ்சம் பிசகியிருந்தது.

ஆனால் க்ளினிக் மூடும் நேரம் வரும். டோக்கன் பெண் போயிருப்பாள். காலியாகச் சாய்ந்து கிடக்கும் நாற்காலியைப் பார்ப்பார். துடைத்த நாற்காலியையே இன்னொரு முறை துடைப்பார். மேலே அக்காவின் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார், ஒன்றும் கேட்காது. அவருக்கு வருத்தமாக இருந்தது, அக்கா வேண்டும் போலிருந்தது. ராஜாக்களுக்கு இப்படிப்பட்ட வருத்தமெல்லாம் சகஜம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு விளக்கை அணைப்பார். பதினாறு படி ஏறினால் தீர்ந்துவிடும் வருத்தம் அது.

பிறகு அட்டைப்பெட்டிகள் வந்தன. காலியாக மேலே போயின.

"அப்பா, அத்தை போறாங்க" என்றாள் மகள், சாப்பாட்டு மேசையில். "அவங்க பொண்ணு வீட்டுக்கே மொத்தமாப் போறாங்களாம். அங்க எல்லாம் ஒரே தளம், படியே ஏற வேண்டாம். திங்கக்கிழமை லாரி வருது. நீங்க மேல போய் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'போகாதே'ன்னு சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா இருந்துடுவாங்க."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். மனைவியும் மகளும் ஒருவரை ஒருவர் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டார்கள். அவர் போனது மாடிக்கு இல்லை. க்ளினிக்கிலிருந்து கை நிறையப் பல் அச்சுகளை, நோயாளிகளின் வாயில் அளவெடுத்துச் சுண்ணத்தில் வார்த்த வெள்ளைத் தாடைகளை, அள்ளிக்கொண்டு வந்து மேசைமேல் பரப்பினார்.

"இது பொய்ப் பின்வாங்கல்" என்றார். "பழைய காலத்துல புல்வெளி தேசத்துக் குதிரைக்காரங்க செய்வாங்க. சண்டை நடக்கும்போதே திடீர்னு பயந்து ஓடற மாதிரி ஓடுவாங்க. இந்தப் பக்கம் இருக்கறவன், ஜெயிச்சுட்டோம்னு வரிசையைக் கலைச்சுத் தொரத்துவான். இதோ, இந்த மேல்தாடை ஓடுது. கீழ்த்தாடை தொரத்துது. தொரத்துது. தொரத்துது. அப்ப மேல்தாடை டக்குனு திரும்பும் பாரு..."

மேல்தாடை டக்கென்று திரும்பியது. ஒரு பல் உடைந்து ரசத்தில் விழுந்தது.

"அது யாரோட பல்லு?" என்று கேட்டார் மனைவி.

"எதிர்வீட்டு டிராயிங் மாஸ்டரோடது."

"அவரு நாளைக்குப் பல்செட்டு வாங்க வர்றாரு."

"வரட்டும். நான் சொல்றது என்னன்னா, தொரத்தக் கூடாது. தொரத்தினவன் எவனும் உருப்பட்டதே இல்ல."

கோபித்துக்கொண்டு போகிற அக்காவைத் துரத்திக்கொண்டு போய்த் தோற்றுப்போன தம்பி எந்த நாட்டு வரலாற்றிலாவது உண்டா? மனைவி இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரசத்தில் கிடந்த பல்லைக் கரண்டியால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்தது. லாரியும் வந்தது. அந்த நேரத்தில் நாற்காலியில் ஒரு பேருந்து நடத்துநர் வாயைத் திறந்தபடி கிடந்தார். வேர் சிகிச்சை, பாதியில் நிற்கிறது. லாரி பின்னோக்கி வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் டாக்டர் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டு, நடத்துநருக்குப் புல்வெளிக் குதிரைக்காரர்களை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.

சாமான் இறக்குகிற ஆள் தலையை நீட்டினார். "சார், படியில கெடக்கற செருப்பெல்லாம் யாரோடது? பீரோ எறக்கணும், கால் வைக்க எடமில்ல."

"பீரோவாம்!" என்று டாக்டர் நடத்துநரைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்னமா நடிக்கறாங்க!"

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. பீரோ போயிற்று. கட்டில் போயிற்று. தையல் மிஷின் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் டாக்டரிடம் விளக்கம் இருந்தது. பிறகு ஓர் ஆள் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையில் பெரிய சாமான் ஒன்றுமில்லை, முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் எதையோ சுற்றிக்கொண்டே வந்தான். துணி காயப்போடும் கொடிக்கயிறு. நீல நைலான் கயிறு. அதை வாங்கிக்கொண்டு போய் ஆணி அடித்துக் கட்டிக் கொடுத்ததே டாக்டர்தான்; கட்டத் தெரியாமல் கட்டி, முதல் நாளே ஈரப் போர்வையோடு அறுந்து விழுந்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுபடி கட்டியது.

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. பொய்யாகப் பின்வாங்குகிற படை சாமான்களை விட்டுவிட்டுப் போகும். துரத்தி வருகிறவன் ஆசைப்பட்டு நிற்க வேண்டுமே. படித்த அத்தனையிலும் அப்படித்தான் இருக்கிறது. கூடாரத்தை விட்டுப் போவார்கள், அண்டாவை விட்டுப் போவார்கள். கொடிக்கயிறை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போவார்களா?

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவர் ஒரு நோயாளியிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்டார். "ஏங்க, சும்மா போற மாதிரி நடிக்கறவங்க கொடிக்கயிறைக் கழட்டுவாங்களா?"

"ஆ" என்றார் நடத்துநர். கூடவே தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். இந்த 'ஆ'வை வியப்பு என்று எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

டாக்டர் ஓடினார். கையுறையோடு, தொங்கும் முகமூடியோடு, "மேலயா கீழயா?" என்ற டோக்கன் பெண்ணுக்கு "மேல! மேல!" என்று கத்திக்கொண்டே ஓடினார். வளைவு வரைக்கும்தான் ஓட முடிந்தது. அங்கே அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தார். நடந்து இல்லை. படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை நகர்த்தி, அடுத்த படியில் உட்கார்ந்து. சின்னக் குழந்தைகள் இறங்குவார்களே, அப்படி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியையே விரட்டி வேலை வாங்கிய அக்கா.

டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. தெரிந்த பாஷையில் சொன்னார்.

"அக்கா, நான் தோத்துட்டேன்."

"எதுலடா?"

"நம்ம சண்டையில."

"எந்தச் சண்டை?" அக்கா நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "நான் எப்படா உன்கூடச் சண்டை போட்டேன்?"

"நீ பேசவே இல்லையே. கீழ வரவே இல்லையே."

"எறங்க முடியல, வரல. உனக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு? நீ ஏறி வந்திருக்கலாமே."

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஏறி வருகிற எதிரிக்கு இடிக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்த அதே சுவர்.

"தண்ணிய..."

"தண்ணிக்கு என்ன? உன் பொண்ணு தெறந்து விடறாளே. அவதான் தெனம் வந்து தைலம் தேச்சு விடறா. அப்பா ஏதோ மும்முரமாப் படிச்சிட்டிருக்காருன்னு சொன்னா. நானும் சரி, படிக்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன்."

வாளி அளந்து குளித்ததும், மளிகையை இரட்டிப்பாக அடுக்கியதும், காவல் போட்டதும், ஒரு ராஜ்ஜியத்தையே கட்டியதும் எதற்கு? எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை. ஒரு வீங்கிய முழங்கால் இருந்தது, அவ்வளவுதான்.

"போகாதேக்கா" என்றார் டாக்டர். அதற்கு முன்னாலும் பின்னாலும் எந்த அரசனும் வரவில்லை.

அக்கா கீழ்ப்படிகளைக் கையால் காட்டினார். "முதல்ல அந்தச் செருப்பையெல்லாம் எடு."

எடுத்தார். ஜோடி ஜோடியாக, கையுறை போட்ட கையால், தன் நோயாளிகளின் செருப்புகளையெல்லாம் பொறுக்கி ஓரமாக வைத்தார். பிறகு மேலே போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் முன்னால் பின்பக்கமாக இறங்கி, ஒவ்வொரு படியாக அழைத்து வந்தார். கீழே வந்ததும் அக்காவுக்கு உட்கார ஓரிடம்தான் வசதி. காலை மடக்காமல் உட்காரலாம், எழும்போது நாற்காலியே தூக்கிவிடும். நடத்துநர் கன்னத்துப் பஞ்சோடு எழுந்து இடம் விட்டார்.

"ஏத்தறதா, எறக்கறதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று சாமான் ஆள் வாசலில் நின்றார்.

எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். டாக்டரின் வாய் திறந்தே இருந்தது. அக்கா பெடலை அழுத்திக் கொஞ்சம் உயர்ந்துகொண்டார்.

"எறக்குங்க. மேல இல்ல, இங்கயே, இந்த முன்ரூம்லயே போடுங்க. க்ளினிக் மாடிக்குப் போகட்டும்."

"அக்கா, பேஷண்டுங்க எப்படி மாடி ஏறுவாங்க?"

"பல்லு வலிக்கறவனுக்குக் காலு நல்லாத்தானேடா இருக்கும்?"

நடத்துநர் பலமாகத் தலையாட்டினார். டாக்டர், கோட்டையை எப்போதும் உயரத்தில்தான் கட்டினார்கள் என்று ஆரம்பிக்கப் போனவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி போடப் போனார்.

இப்போது க்ளினிக் மாடியில் இருக்கிறது. படியோரம் பெரிய செருப்பு அலமாரி இருக்கிறது. மூச்சு வாங்க ஏறி வருகிற ஒவ்வொரு நோயாளியையும் சாய்த்து, பஞ்சு வைத்து, குழாய் வைத்து, டாக்டர் கண்கள் பளபளக்கக் கேட்கிறார்: "இந்த க்ளினிக் மாடிக்கு எப்படி வந்தது தெரியுமா? இதுக்குப் பின்னாடி ஒரு போர் இருக்கு."

உடனே கீழேயிருந்து தலைமை நர்ஸின் குரல் வரும். "போரும் இல்ல, ஒண்ணும் இல்ல! என் முழங்கால்தான்!"

கேட்டீர்களா? பாவம், திருந்தாத ஜென்மம் என்று சிரிக்கிறீர்கள். நல்லது. நம் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது. நம் வீட்டில் யாராவது இரண்டு நாளாகச் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால், நாம் என்ன படையா திரட்டுகிறோம்? போன மாதம் நாம் சொன்னது, அதற்கு அவர்கள் சொன்னது, யார் முதலில் பேச வேண்டும், யார் பேசினால் யார் இளைத்தவர் என்று மனசுக்குள் லேசாக ஒழுங்குபடுத்தி வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதானே? இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. காற்றாகவும் இருக்கலாம். என்மேல் கோபமாகவும் இருக்கலாம். நான் காலையில் என்ன சொன்னேன் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதவு இருக்கும். நாம் இரண்டு பேருமே இன்னும் எழுந்திருக்கவில்லை, கவனித்தீர்களா?